மணலில் குண்டு போட்டு விண்கல் பள்ளத்தை ஆராய்வது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

விண்கல் மோதி உண்டாகும் பள்ளத்தைச் சின்ன அளவில் செய்து பார்க்க, மணலில் கோலி போன்ற ஒரு சிறு குண்டைப் போட வேண்டும், விழுந்த இடத்தில் உண்டாகும் பள்ளத்தை அளக்க வேண்டும், சோதனை அவ்வளவுதான். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று மாலை போனது. கடைசியில் கையில் மிஞ்சிய அட்டவணை, உயரம் கூடக் கூடப் பள்ளம் சிறிதாகிறது என்று சொன்னது! காரணம் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. 60, 70, 80, 90, 100 செ.மீ. என்று வரிசையாக ஏறிக்கொண்டே போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தினேன், தட்டத் தட்ட மணல் இறுகிக்கொண்டே வந்தது. ஆக, உயரத்தின் விளைவை அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மணல் இறுகுவதைத்தான் அளந்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்த ஐந்து நாள் வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பள்ளித் திட்டப்பணிக்காகச் செய்தாலும் சரி, சொந்த ஆர்வத்தில் செய்தாலும் சரி, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"பள்ளத்தின் அளவை எதெல்லாம் பாதிக்கும்?" என்று பட்டியல் போட்டால் நீண்டுகொண்டே போகும்: குண்டின் நிறை, அதன் விட்டம், விழும் வேகம், விழும் கோணம், மணல் துகளின் பருமன், மணலின் ஈரம், அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது. எல்லாவற்றையும் ஒரே சோதனையில் பார்க்க ஆசைப்படாதீர்கள். உயரம் ஒன்று (விழும் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான்), நிறை ஒன்று என இரண்டே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனித் தொடராகச் செய்யுங்கள். மற்ற எல்லாம் மாறாமல் இருக்க வேண்டியவை.

"அளவு" என்றால் எது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். விட்டமா, ஆழமா? முதல்முறை என்றால் விட்டம் போதும். ஆழத்தை அளப்பது தொல்லை. குண்டு அடியில் உட்கார்ந்திருக்கும், சுவரிலிருந்து மணல் சரிந்து அதைப் பாதி மூடியிருக்கும், குண்டை எடுத்தால் இன்னும் சரியும். தவிர, ஆழம் கூடும் கணக்கும் விட்டம் கூடும் கணக்கும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே முடிவுரையில் போட்டுக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

2. பொருட்கள்: எதற்குச் செலவு செய்யலாம்

செலவு செய்ய வேண்டியது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று, நன்றாகக் காய்ந்த, சலித்த, ஒரே பருமனுள்ள மெல்லிய மணல். மற்றது, ஒரே விட்டமும் வேறு வேறு நிறையும் கொண்ட குண்டுகள்.

குண்டு விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். சின்னக் கோலி, பெரிய கோலி, அதைவிடப் பெரிய கோலி என்று மூன்றை எடுத்துக்கொண்டு "நிறை கூடினால் பள்ளம் பெரிதாகிறது" என்று எழுதிவிடுவார்கள். நிறை மட்டுமா கூடியது? விட்டமும் சேர்ந்தே கூடியிருக்கிறது. பள்ளம் பெரிதானது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

எளிய தீர்வு இருக்கிறது. சாதாரணக் கண்ணாடிக் கோலிகளில் பெரும்பாலானவை 16 மி.மீ. விட்டம். பேரிங்குக்குள் போடும் எஃகு குண்டும் 16 மி.மீ.-ல் கிடைக்கும். கண்ணாடியின் அடர்த்தி கன செ.மீ.-க்குச் சுமார் 2.5 கிராம், எஃகினுடையது சுமார் 7.8 கிராம். அதனால் கோலி 5.4 கிராம் அளவிலும் எஃகு குண்டு 16.7 கிராம் அளவிலும் இருக்கும். அளவு ஒன்று, நிறை மூன்று மடங்கு! வாங்கியதும் தராசில் வைத்துப் பார்த்து உங்கள் குண்டின் உண்மையான நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நிறைகளும் வேண்டும் என்றால், ஒரே மாதிரியான உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்துகளில் சின்னத் துளை போட்டு, ஒன்றில் மணல், ஒன்றில் இரும்புத்தூள், ஒன்றில் இரண்டும் கலந்து என்று நிரப்பி அடைக்கலாம். முழுக்க நிரப்புங்கள். பாதி நிரம்பிய பந்து விழும்போது உள்ளே இருப்பது ஆடும். ஈயக் குண்டு மட்டும் வேண்டாம், அது நச்சு.

மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்: அகலமான தொட்டி, டார்ச், ஸ்கேல், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான அளவு நாடா, தூரிகை, தரையில் விரிக்கப் பழைய துணி. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, அதற்காக ஒன்று வாங்க வேண்டியதில்லை. பள்ளத்தின் விளிம்பே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும்போது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தால் எந்தப் பயனும் இல்லை.

தொட்டி குறைந்தது 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். இந்தக் குண்டுகளுக்கு 4 முதல் 9 செ.மீ. வரை பள்ளம் விழும். தொட்டியின் சுவர் பக்கத்தில் இருந்தால் மணல் விலகிப் போக இடமிருக்காது, பள்ளம் சிறிதாகிவிடும். மணல் ஆழம் போதவில்லை என்றால் குண்டு அடித்தட்டில் இடிக்கும். 30 க்கு 30 க்கு 10 என்ற தொட்டிக்கு 14 கிலோ மணலாவது ஆகும், ஆகவே தொட்டியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு நிரப்புங்கள். நிரப்பிய பிறகு நகர்த்தினால் முதுகுக்கும் கேடு, மணலும் இறுகிவிடும்.

மாவு வேண்டாமா என்று கேட்பார்கள். மாவின் மேல் கோகோ தூள் தூவிக் குண்டு போட்டால் சிதறல் கதிர்கதிராகத் தெரியும், படம் எடுக்க அழகாக இருக்கும். அளப்பதற்கு மட்டும் ஆகாது. மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குண்டு அதில் செங்குத்தான ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கும், பள்ளம் குண்டின் அகலத்தை ஒட்டியே நின்றுவிடும்.

3. மணலைத் தயார் செய்வது

சோதனை பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

முதலில் உலர்த்த வேண்டும். ஒரு பகல் முழுக்க வெயிலில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, கைப்பிடி எடுத்து இறுக்கி விரலைத் திறந்தால் உடனே வழிந்து ஓட வேண்டும். விரல் ரேகையில் கட்டியாக ஒட்டி நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. கொஞ்சம் ஈரம்கூடத் துகள்களைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த மணலை மூடி வையுங்கள், இரவில் காற்றிலிருந்து ஈரம் ஏறிவிடும்.

அடுத்தது ஒவ்வொரு வீச்சுக்கும் (குண்டை ஒருமுறை போடுவதைத்தான் வீச்சு என்கிறேன்) முன் மணலை ஒரே நிலைக்குக் கொண்டுவருவது. நான் கடைசியில் பிடித்த முறை இது. தொட்டியின் அடியில் அதே அளவுக்கு வெட்டிய கம்பி வலையைப் போடுங்கள், துளை இரண்டு மூன்று மி.மீ. இருக்கட்டும். நான்கு மூலையிலும் கயிறு கட்டி வெளியே விட்டு, மேலே மணலை விளிம்பு வரை நிரப்புங்கள். குண்டு விழுந்து அளந்து முடித்ததும் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து வலையை மெதுவாக, நேராக மேலே இழுங்கள். மணல் முழுக்க அந்த வலை வழியாகச் சலிந்து இறங்கும், இறுகியதெல்லாம் தளர்ந்துவிடும். பிறகு ஒரு நேரான மரச்சட்டத்தைத் தொட்டியின் இரண்டு விளிம்பிலும் பதிய வைத்து ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, திரும்பத் திரும்ப வழிக்கவும் கூடாது. அடுத்த முறைக்கு வலையை மறுபடி அடியில் வைக்க மணலைக் கொட்டி நிரப்ப வேண்டும் என்பதால் வேலை கூடுதல்தான். அது முடியாதவர்கள் நீளமான கம்பி ஒன்றால் அடிவரை குத்தி, நீளவாக்கில் பத்துக் கோடு, குறுக்குவாக்கில் பத்துக் கோடு கிளறிவிட்டு வழிக்கலாம். எந்த முறை என்பதைவிட எல்லா வீச்சுக்கும் அதே முறை என்பதுதான் முக்கியம்.

அப்புறம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான்தான் தாமதமாகக் கண்டுபிடித்தேன்: ஒவ்வொரு பத்து வீச்சுக்கும் ஒருமுறை ஒரு சாட்சி வீச்சு போடுங்கள். அதாவது எஃகு குண்டை 40 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு அளந்து தனிப் பக்கத்தில் குறியுங்கள். அந்த எண் மாறாமல் இருக்கும் வரை மணல் மாறவில்லை. அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மணலை முழுக்கக் கொட்டித் திரும்ப நிரப்புங்கள்.

4. உயரங்களை இரட்டிப்பாக எடுங்கள்

பள்ளத்தின் விட்டம் ஆற்றலோடு மிக மெதுவாகத்தான் கூடும். ஏனென்றால் குண்டின் ஆற்றலைப் பள்ளத்தில் இருக்கும் மணலைத் தூக்கி வெளியே போடும் கூலி என்று நினைத்துக்கொண்டால், விட்டம் இரண்டு மடங்கானால் தூக்க வேண்டிய மணல் எட்டு மடங்கு, தூக்க வேண்டிய உயரமும் இரண்டு மடங்கு. மொத்தக் கூலி 16 மடங்கு! அதாவது பள்ளம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் 16 மடங்கு உயரத்திலிருந்து போட வேண்டும்.

இப்போது என் 60, 70, 80, 90, 100-ஐப் பாருங்கள். 60-க்கும் 100-க்கும் இடையில் விட்டம் கூடுவது 14 சதவீதம்தான். மணல் கொஞ்சம் இறுகினாலே அது காணாமல் போய்விடும்.

அதனால் 10, 20, 40, 80, 160 செ.மீ. என்று எடுங்கள். ஒவ்வொரு படியிலும் விட்டம் 19 சதவீதம் அளவுக்குக் கூடும், கடைசியில் முதல் பள்ளத்தைப் போல இரண்டு மடங்கு வர வேண்டும். 160 செ.மீ.-லிருந்து விழும் குண்டு மணலைத் தொடும்போது வினாடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் இருக்கும், 40-லிருந்து என்றால் 2.8. கோலிக்கும் எஃகுக்கும் இந்த உயரத்தில் காற்றின் தடை ஒரு பொருட்டே அல்ல. மேசைப்பந்து போல மிக லேசான பந்து என்றால் அது கணக்கைக் கெடுக்கும்.

வரிசையாக ஏறாதீர்கள். உயரங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, வருகிற வரிசையில் போடுங்கள். மணலில் ஏதாவது மெல்ல மாறினாலும் அது எல்லா உயரத்துக்கும் சமமாகப் பங்காகிவிடும்.

5. போடுவது

உயரம் என்பது மணல் மட்டத்திலிருந்து குண்டின் அடிப்பகுதி வரை. மேசையிலிருந்து அல்ல, குண்டின் நடுவிலிருந்தும் அல்ல. 10 செ.மீ. வீச்சில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் பத்து சதவீதம் போச்சு.

தூக்கிப் போடாமல், தள்ளாமல், விரலை மட்டும் விலக்க வேண்டும். முழங்கையை எதிலாவது தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் தரையில் துணி விரித்து, அதன் மேல் வட்டம் வரைந்த தாளை வைத்து இருபது முறை போட்டுப் பழகுங்கள். எல்லாம் வட்டத்துக்குள் விழுந்தால் தொட்டிக்கு வரலாம். தொட்டியின் நடுவில் விழாத வீச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் நோட்டில் "ஓரத்தில் விழுந்தது, சேர்க்கவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிதறும் மணல் கண்ணுக்கு வரும். வலையை இழுக்கும்போதும் மணலைக் கொட்டும்போதும் முகக்கவசம் கட்டாயம். மணலின் நுண்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உருண்டு ஓடிய எஃகு குண்டின் மேல் கால் வைத்தால் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு வீச்சுக்கும் குண்டு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. அளப்பது

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தொட்டியின் விளிம்பில் படுக்க வையுங்கள். நேர் வெளிச்சத்தில் விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளத்தின் ஒரு பாதி கறுத்துவிடும், விளிம்பின் உச்சி மெல்லிய வெள்ளை வளையமாக எழுந்து நிற்கும். கூர்ந்து பார்த்தால் உள்சுவரில் ஒன்றிரண்டு துகள் இன்னும் உருண்டு இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். அது நிற்கும் வரை பொறுங்கள். பிறகு வளையத்தின் உச்சியிலிருந்து எதிர் உச்சி வரை அளங்கள், அதற்குச் செங்குத்தாக இன்னொரு முறை அளங்கள். இரண்டின் சராசரிதான் அந்த வீச்சின் விட்டம்.

குண்டை எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். காந்தத்தால் எஃகு குண்டைத் தூக்கினால் பள்ளம் கலையாது என்று நினைத்துச் செய்து பார்த்தேன். மணலில் இருந்த கருந்துகள்களும் சேர்ந்து மீசை மீசையாகக் காந்தத்தில் ஏறிக்கொண்டன, அவை உதிர்ந்து விளிம்பின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

ஸ்கேலை மணலில் பதிக்காமல் மேலே பிடித்து அளந்தால், சாய்ந்து பார்க்காமல் நேர் மேலிருந்து பாருங்கள். போனில் படம் எடுத்து அளக்கலாம். ஆனால் படத்துக்குள் வரும் ஸ்கேல் மணல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில் ஸ்கேல் இருந்தால் அது கேமராவுக்குப் பக்கம், பெரிதாகத் தெரியும், உங்கள் பள்ளம் சிறிதாகிவிடும்.

7. நோட்டும் நேரமும்

நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தப்பாகப் போனால் ஒற்றைக்கோடு போட்டு அடியுங்கள், அழிக்க வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் இவை இருக்க வேண்டும்: வீச்சு எண், நேரம், குண்டு, உயரம், இரண்டு விட்டங்கள், படத்தின் எண், ஏதாவது வித்தியாசமாக நடந்திருந்தால் அது. முதல் பக்கத்தில் தேதி, குண்டுகளின் நிறை, விட்டம், தொட்டியின் அளவு, மணலைத் தயார் செய்த முறை. சராசரியை மட்டும் எழுதி மூல எண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மதிப்பெண் போடுபவர் கேட்கிறாரோ இல்லையோ, பிழை எங்கே என்று நீங்களே தேடும்போது அந்த எண்கள்தான் காப்பாற்றும். என் அட்டவணை ஏன் தலைகீழாக வந்தது என்பதை நேரம் எழுதியிருந்த ஒரே காரணத்தால்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு உயரத்துக்கு ஐந்து வீச்சு போதும். ஒரு வீச்சுக்கு, மணல் தயாரிப்பும் சேர்த்து, நாலைந்து நிமிடம் ஆகும். அப்படியானால் ஐந்து உயரம், 25 வீச்சு, இரண்டு மணி நேரம். உலர்த்த ஒரு பகல், பழக ஒரு மாலை, உயரத் தொடருக்கு ஒரு மாலை, நிறைத் தொடருக்கு ஒரு மாலை, எழுத இரண்டு நாள். ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவாவது ஆரம்பியுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. ஆற்றலா, உந்தமா?

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி இது. பள்ளத்தின் விட்டத்தைத் தீர்மானிப்பது குண்டின் ஆற்றலா, உந்தமா (நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது)? பத்தே வீச்சில் பார்த்துவிடலாம்.

16.7 கிராம் எஃகு குண்டை 40 செ.மீ.-லிருந்து போடுங்கள். 5.4 கிராம் கோலியை 125 செ.மீ.-லிருந்து போடுங்கள். நிறையையும் உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு குண்டுக்கும் விழும்போது ஆற்றல் சுமார் 0.066 ஜூல்தான். ஆனால் உந்தத்தைக் கணக்கிட்டால் எஃகு குண்டுக்கு அது கோலியைவிட முக்கால் மடங்கு அதிகம். விட்டத்தை உந்தம் தீர்மானிக்கிறது என்றால் எஃகின் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக வர வேண்டும். மணலை ஒழுங்காகத் தயார் செய்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வீச்சு, குலுக்கல் வரிசையில். உங்கள் குண்டின் நிறை வேறாக இருந்தால் உயரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

9. வரைபடம்

உயரத்தை ஒரு அச்சிலும் விட்டத்தை மற்றொன்றிலும் வைத்தால் வளைகோடு வரும். அதைப் பார்த்து "உயரம் கூடினால் விட்டம் கூடுகிறது" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இரண்டு அச்சையும் மடக்கையாக (log) மாற்றுங்கள், எக்ஸெல்லில் ஒரு சொடுக்கு போதும். புள்ளிகள் நேர்கோட்டில் விழும். அதன் சாய்வு கால், அதாவது 0.25-ஐ ஒட்டி வந்தால் (16 மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு விட்டம் என்பதன் அடையாளம் அது) சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பிழைக்கோடு, அதாவது அந்த எண் எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்று காட்டும் சின்னக் கோடு, போடுங்கள். ஐந்து வீச்சில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி எடுத்தால் போதும். சாய்வு 0.15 என்று வந்தால் எண்களைத் திருத்தாதீர்கள், சாட்சி வீச்சுப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

10. அறிக்கையில் எழுதக் கூடாதவை

முதலாவது, "விண்கற்களும் இப்படித்தான்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். பூமியில் மோதும் விண்கல்லின் வேகம், காற்று தடுக்காவிட்டால், குறைந்தது வினாடிக்கு 11 கிலோமீட்டர். உங்கள் குண்டைவிட இரண்டாயிரம் மடங்கு. அந்த வேகத்தில் கல் மணலில் புதைவதில்லை, மோதலின் அதிர்ச்சியில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடும், நடப்பது வெடிப்பைப் போன்றது. உங்கள் தொட்டியில் பள்ளம் குண்டைப் போல இரண்டரை முதல் ஐந்தரை மடங்கு அகலம். அரிசோனாவில் உள்ள விண்கல் பள்ளம் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம், அதை உண்டாக்கிய இரும்புக் கல் 50 மீட்டர் அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருபது மடங்குக்கு மேல். உங்கள் சோதனை காட்டுவது ஆற்றலுக்கும் அளவுக்கும் உள்ள உறவின் வடிவத்தை, அதுவும் ஈர்ப்புவிசைக்கு எதிராகத் துகளைத் தூக்கும் வேலைதான் முக்கியமாக இருக்கும் இடத்தில். பாறையை உடைக்கவே ஆற்றல் செலவானால் கணக்கு வேறாகும். மகாராஷ்டிராவில் விண்கல் மோதி உண்டான லோனார் ஏரிப் பள்ளம் எரிமலைப் பாறையில் விழுந்தது, 1.8 கிலோமீட்டர் அகலம். அதை மணல் தொட்டியின் சூத்திரத்தில் போட்டுக் கல்லின் அளவைக் கண்டுபிடித்ததாக எழுதினால் தப்பு.

இரண்டாவது கோணம். குண்டைச் சாய்வாக உருட்டிவிட்டால் தொட்டியில் நீள்வட்டப் பள்ளம் விழும். உடனே, நிலாவில் பள்ளங்கள் வட்டமாக இருப்பதால் எல்லாக் கல்லும் நேர் மேலிருந்துதான் விழுந்திருக்கும் என்று எழுதத் தோன்றும். அப்படி இல்லை. உண்மையான மோதல் வெடிப்பு போல எல்லாத் திசையிலும் விரிவதால், தரையோடு 15 பாகைக்கும் குறைவாக உரசிக்கொண்டு வரும் கல் மட்டுமே குறிப்பிடத்தக்க நீள்வட்டத்தை விட்டுப்போகும்.

மூன்றாவது, சேர்க்காத வீச்சுகளை மறைக்காதீர்கள். எத்தனை வீச்சு போட்டீர்கள், எத்தனையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சாட்சி வீச்சுகளின் அட்டவணையைப் பின்னிணைப்பாக வையுங்கள்.

மணலைக் கொட்டிவிடாதீர்கள். சல்லடையில் சலித்து, மூடியுள்ள வாளியில் போட்டு, மேலே தேதியும் எந்தச் சோதனையின் மணல் என்பதும் எழுதி வையுங்கள். "இந்த ஒரு புள்ளியை மட்டும் திரும்பச் செய்துகாட்டு" என்று யாராவது கேட்டால் அதே மணல்தான் வேண்டும்.